ஏறு என்றது கருவி, இறங்கு என்றது ரேடியோ



எனக்கு விமானப் பாதுகாப்பைத் தவிர வேறெதுவும் உருப்படியாகத் தெரியாது. அதனால் ஒரு விபத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். பட்டமளிப்பு நடக்கும் நல்ல நாளில் இதென்ன பேச்சு என்று நினைக்கும் தாய்மார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2002 ஜூலை 1, இரவு. தெற்கு ஜெர்மனியில் ஊபர்லிங்கன் என்ற ஊருக்கு மேலே, 36,000 அடி உயரத்தில், இரண்டு விமானங்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக வந்துகொண்டிருந்தன. ஒன்று ரஷ்யாவின் துப்பொலெவ். உஃபா நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் அதில் ஸ்பெயினுக்குச் சுற்றுலா போய்க்கொண்டிருந்தார்கள். மற்றது டிஹெச்எல் சரக்கு விமானம், போயிங் 757. அந்த வான்பகுதி ஜூரிச் கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பு. அங்கே இருந்தவர் ஒரே ஒரு கன்ட்ரோலர். கூட இருந்தவர் ஓய்வெடுக்கப் போயிருந்தார். பராமரிப்பு வேலை நடந்ததால் ரேடார் முழுத் திறனில் இல்லை, தொலைபேசி இணைப்பும் சரியில்லை. ஆபத்தைக் கவனித்துவிட்ட கார்ல்ஸ்ரூ கன்ட்ரோலர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் லைன் கிடைக்கவில்லை. ஜூரிச்சில் இருந்தவரோ, பக்கத்து மேசையில் தாமதமாக வந்த இன்னொரு விமானத்தைத் தரையிறக்குவதில் மூழ்கியிருந்தார்.

இரண்டு விமானங்களிலும் டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி இருந்தது. அருகில் வரும் விமானத்தைக் கேள்வி கேட்டு, எத்தனை வினாடியில் நெருங்கும் என்று அது கணக்குப் போடும். முதலில் ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்று எச்சரிக்கும். நிலைமை முற்றினால் ‘க்ளைம்ப்’ அல்லது ‘டிசெண்ட்’ என்று ஆணையிடும். சந்து முனையில் எதிரெதிரே வருபவர்கள் இருவருமே ஒரே பக்கம் விலகி முட்டிக்கொள்வார்கள் அல்லவா? அப்படி ஆகாமல் இருக்க, இரண்டு கருவிகளும் தமக்குள் பேசி, ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பிரித்துக்கொள்ளும். பைலட் ஐந்து வினாடிக்குள் ஆணைப்படி ஏறவோ இறங்கவோ தொடங்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

மோதலுக்கு 43 வினாடி முன்பு கன்ட்ரோலர் விழித்துக்கொண்டு துப்பொலெவைக் கீழே இறங்கச் சொன்னார். ஏழு வினாடி கழித்து அதே காக்பிட்டில் கருவி மேலே ஏறச் சொன்னது. போயிங்கின் கருவி அதை இறங்கச் சொன்னது, அது இறங்கியது. துப்பொலெவின் காக்பிட்டில் அன்று ஐந்து பேர். அவர்களில் தனக்கென்று எந்த வேலையும் ஒதுக்கப்படாமல் பின்னால் உட்கார்ந்திருந்த கோ-பைலட்தான், கருவி ஏறச் சொல்கிறதே என்று எடுத்துச் சொன்னார். கீழே இருக்கும் ஆள் இறங்கச் சொல்கிறார் என்று பதில் வந்தது. இன்னும் ஏழு வினாடியில் கன்ட்ரோலர் மறுபடி ‘இறங்கு’ என்றார். கூடவே, எதிர் விமானம் வலப்புறம் இருப்பதாகத் தவறாகச் சொன்னார். அது வந்ததோ இடப்புறத்திலிருந்து. சுமார் 34,900 அடியில் மோதின. 71 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் பிள்ளைகள்.

கன்ட்ரோலருக்குக் கருவி என்ன சொன்னது என்று தெரியாது. அன்று அது அவருக்குத் தகவல் அனுப்பவில்லை. இறங்கச் சொன்னார், இறங்கினார்கள், பிரச்சினை தீர்ந்தது என்று மற்ற மேசைக்குத் திரும்பிவிட்டார். 2004-இல், மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்த ஒருவர் அவரைக் குத்திக் கொன்றார்.

பைலட்டுகளைக் குறை சொல்வது சுலபம். அவர்கள் கையில் இருந்த கையேட்டைப் பாருங்கள். கருவிக்கு எதிராகப் போகாதே என்று ஓரிடத்தில் இருந்தது. கன்ட்ரோலர் சொல்வதே முதன்மை என்று பொருள்படும்படி இன்னோரிடத்தில் இருந்தது. சர்வதேச விதிகளும் அரைகுறையாகவே இருந்தன, சில இடங்களில் ஒன்றையொன்று மறுத்தன. விசாரணை அறிக்கை இதைப் பட்டவர்த்தனமாகச் சொல்கிறது.

எனக்கு ஆற்றாமை வேறிடத்தில். பதினேழு மாதம் முன்பே, 2001 ஜனவரி 31-இல், ஜப்பானின் யாய்சு அருகே இதே நாடகம் ஒத்திகை பார்க்கப்பட்டுவிட்டது. பயிற்சியில் இருந்த கன்ட்ரோலர் விமான எண்ணை மாற்றிச் சொல்ல, நெருங்கி வந்த இரண்டு விமானங்களில் ஒன்றான ஜம்போ ஜெட்டின் கேப்டன் கருவியை மீறி இறங்கினார். கடைசி நொடியில் கண்ணால் பார்த்துத் தப்பினார்கள். இரண்டு விமானங்களிலும் சேர்த்து 677 பேர். அப்போதும் விதி திருத்தப்படவில்லை. ‘கருவியும் கன்ட்ரோலரும் முரண்பட்டால் கருவியையே பின்பற்று’ என்ற பொருளில் சர்வதேச விதி தெளிவானது 2003 நவம்பரில்தான்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1996-இல் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் மாண்ட பிறகு, இந்தியா இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. நல்ல முடிவு. ஆனால் ஊபர்லிங்கனில் இரண்டிலுமே கருவி இருந்தது, இரண்டுமே ஒழுங்காக வேலை செய்தன. இல்லாமல் போனது எவனோ ஒருவன் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டிய ஒரு வரி. அந்த அலுவலகங்களுக்குத்தான் நீங்கள் போகப் போகிறீர்கள். 2007-இல் சுவிஸ் நீதிமன்றம் தண்டித்ததும் ஜூரிச் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் நான்கு மேலாளர்களைத்தான்.

இன்று கருவியின் ஆணை (சுருக்கமாக ஆர்ஏ) வந்ததும் பைலட் ‘டிகாஸ் ஆர்ஏ’ என்று ரேடியோவில் சொல்வார். அதன்பின், ஆபத்து விலகியதாகப் பைலட் சொல்லும்வரை, கன்ட்ரோலர் அந்த விமானத்தின் பாதையை மாற்றக் கட்டளை கொடுக்கக் கூடாது.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். அந்தக் கருவியில் ‘அட்ஜஸ்ட் வெர்டிகல் ஸ்பீட்’ என்று ஓர் ஆணை இருந்தது. ஏறும் வேகத்தையோ இறங்கும் வேகத்தையோ குறை என்பதுதான் அதன் கருத்து. சில பைலட்டுகள் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். தப்பிக்கச் சொன்ன ஆணையே விமானத்தை ஆபத்தின் பக்கம் தள்ளியது. பைலட்டுகளுக்கு இன்னும் பயிற்சி கொடுங்கள் என்று கோப்பை மூடியிருக்கலாம். கருவியை உருவாக்கியவர்கள் அப்படிச் செய்யவில்லை. 7.1 என்ற அடுத்த பதிப்பில் அந்த ஆணையையே எடுத்துவிட்டு, ‘லெவல் ஆஃப், லெவல் ஆஃப்’ என்று வைத்தார்கள்.

பட்டம் வாங்க வரிசையில் நில்லுங்கள். வாழ்த்துகள்.