ஒளி எழுப்பும் ஓசை

கண்ணாடிக் குவளையில் பாலை நிரப்பி, அதன் பின்னால் ஒரு விளக்கை வைத்துப் பாருங்கள். சுடர் தெரிவதில்லை. பால் ஒளியை விழுங்கிவிட்டது என்றே தோன்றும். உண்மை வேறு. பாலிலுள்ள நுண்ணிய கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும் ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிக்கின்றன. பால் உட்கவர்வதோ மிகச் சொற்பம். அதன் வெண்மைக்குக் காரணமும் அதுவே. அப்பாலில் ஒரு சொட்டு மையைக் கலந்து, மை உட்கவர்ந்த ஒளி எவ்வளவு என்று கேட்டால், மறுபக்கம் வந்து சேரும் ஒளியை மட்டும் அளந்து விடை கூற இயலாது. வராத ஒளியில் உட்கவரப்பட்டது எவ்வளவு, சிதறி வழிமாறியது எவ்வளவு என்று பிரித்தறிவது எங்ஙனம்?

இதற்கு வழிகாட்டிய கண்டுபிடிப்பு 1880ஆம் ஆண்டினது. தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், துளைகளிட்ட தட்டைச் சுழற்றி, சூரிய ஒளியை விட்டுவிட்டுப் பாயச் செய்தார். அது பட்ட மெல்லிய தகடுகளிலிருந்து ஓசை எழுந்தது! கரிய பொருள்கள் உரக்க ஒலிப்பதையும் அவர் அடுத்த ஆண்டு எடுத்துரைத்தார்.

இன்று சூரியனுக்குப் பதில் லேசர். நூறு கோடியில் சில பங்கு விநாடியே நீடிக்கும் ஒளித்துடிப்பு ஒன்று பொருளில் பாய்கிறது. ஒளியை உட்கவர்ந்த இடம் சூடேறி, விரிந்து, அண்டையிலுள்ளதைத் தள்ளுகிறது. அத்தள்ளலே ஒலியலை. நம் உடற்தசையில் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வெப்பம் ஏறினாலும், வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான அழுத்தம் பிறக்கிறது. செவிக்கு எட்டாத அவ்வலையை நுண்ணிய உணர்கருவி பற்றிக்கொள்கிறது. வெறுமனே சிதறிய ஒளி சூடேற்றுவதில்லை; ஆகவே ஓசையும் எழுப்புவதில்லை. தசையில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்வதால், அது வந்து சேரும் நேரத்தைக்கொண்டு ஆழத்தையும் அறியலாம்.

மொழிபெயர்ப்புத் தொழிலிலுள்ள நமக்கு இம்முறைக்குப் பெயரிடுவது எளிதாக இல்லை. ‘ஒளியொலி’ என்றால் திரைப்படக் கொட்டகை நினைவுக்கு வருகிறது! ஒளியால் எழும் ஒலி என்று விரித்துரைப்பதே நலம்.

நம் தோலும் தசையும் பாலைப் போன்றே ஒளியைச் சிதறடிப்பவை. குருதிச் செந்நிறத்திற்குக் காரணமான ஹீமோகுளோபின், பிராணவாயுவைச் சுமக்கும்போது ஒருவிதமாகவும், இழந்தபின் வேறுவிதமாகவும் ஒளியை உட்கவர்கிறது. இரு நிற ஒளிகளைப் பாய்ச்சி, எழும் ஒலிகளை ஒப்பிட்டால், ஊசி குத்தாமலே உள்நாளத்துக் குருதியின் பிராணவாயு அளவை மதிப்பிடலாம். கட்டிகளைச் சூழ்ந்த குருதியோட்டத்தை ஆராய்வோர் இம்முறையை நாடுவது இதனாலேயே.

எனினும் ஓர் இடர் உண்டு. ஓசையின் வலிமை, அவ்விடம் ஒளியை உட்கவரும் திறனை மட்டும் பொறுத்ததன்று. அங்குச் சென்றடைந்த ஒளியின் அளவையும் பொறுத்தது. சிதறல் இவ்வகையில் கணக்கினுள் மீண்டும் புகுந்துவிடுகிறது. இரு நிறங்களும் வழியில் ஒரே அளவில் தேய்வதில்லை. நாளம் ஆழத்தில் இருக்க இருக்க, இவ்வேறுபாடு பெருகும். அதனைக் கணக்கிட்டுத் திருத்தாமல் பிராணவாயு இத்தனை விழுக்காடு என்று ஓர் எண்ணைக் காட்டினால், அதை நாம் ஏற்பதற்கில்லை.