பன்னிரண்டு கூடைகளும் நம் வீட்டுப் பரணும்



வீடு நிறையப் பொருள் இருக்கிறது. தேடும் பொருள் மட்டும் கிடைப்பதில்லை. நம்மில் பலருக்கு இது பழகிப்போன நிலைமை. கேஸ் புத்தகம் எங்கே, பிள்ளையின் சாதிச் சான்றிதழ் எங்கே, போன வாரம் வாங்கிய மாத்திரை எங்கே என்று தினமும் ஒரு தேடல். துவைத்த துணி நாற்காலியில் மலைபோல் கிடக்கிறது. சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. பரணில் என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. யாராவது கதவைத் தட்டினால் நெஞ்சு திக்கென்கிறது. உள்ளே அழைக்கக் கூச்சப்பட்டு, வாசலிலேயே நின்று பேசி அனுப்பிவிடுகிறோம்.

இதைச் சோம்பேறிகளின் வீடு என்று எண்ணிவிட வேண்டாம். படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொண்டு வேலைக்கும் போகிற மகளின் வீடு அது. கணவரை அடக்கம் செய்து ஆறு மாதமாகியும் அவருடைய சட்டையைத் தொட மனம் வராத மனைவியின் வீடு அது. மூன்று பிள்ளைகளை ஒற்றை அறையில் வளர்க்கிறவர்களின் வீடு அது. களைப்பும் துயரமும் மேலோங்கும்போது, ‘இதை வைப்பதா, கொடுப்பதா, எறிவதா’ என்ற சின்ன முடிவுகூடப் பாரமாகிவிடுகிறது. பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிடுகிறோம். அப்படித் தள்ளிவைத்த முடிவுகள்தாம் நம் அறைகளில் குவிந்து கிடக்கின்றன.

மாற்கு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். அது எப்படித் தொடங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சீடர்களுக்கு உண்பதற்குக்கூட நேரமில்லாதபடி மக்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். இயேசு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தனிமையான இடத்துக்கு வந்து சற்று ஓய்வெடுக்கச் சொன்னார். திணறிப்போயிருக்கும் மனிதருக்கு அவர் கொடுத்த முதல் மருந்து ஓய்வு. ஆகவே, நள்ளிரவில் அழுதுகொண்டே அலமாரியைக் கவிழ்க்க வேண்டாம். தூங்கி எழுந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தொடங்கலாம்.

பிறகு கூட்டம் வந்தது. இத்தனை பேருக்கும் உணவு வாங்க 200 தெனாரியம் ஆகுமே என்று சீடர்கள் மலைத்தார்கள். ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். நாமும் இப்படித்தான் கணக்குப் போடுகிறோம்: “இந்த வீட்டை ஒழுங்குபடுத்த பத்து நாள் லீவு வேண்டும், இரண்டு ஆள் வேண்டும்.” பத்து நாள் லீவு கிடைக்கப்போவதில்லை, வீடும் அப்படியே கிடக்கும். ஆண்டவரோ அந்தப் பெரிய கணக்குக்குள் போகவில்லை. கையில் எத்தனை அப்பம் இருக்கிறது என்று போய்ப் பார்த்துவரச் சொன்னார். இருந்தவை ஐந்து அப்பமும் இரண்டு மீனும்.

நம் கையில் இருப்பது பதினைந்து நிமிடமா? அதைக் கொண்டே தொடங்குவோம். இன்றைக்கு ஒரு இழுப்பறை போதும். முதலில் நினைவுகள் ஒட்டாத பொருள்களை எடுப்போம்: காலாவதியான மாத்திரைகள், எழுதாத பேனா, மூடியில்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, ஒருவருக்கும் பொருந்தாத சார்ஜர். மாடியிலும் கொல்லையிலும் கிடக்கும் பழைய டயர், உடைந்த வாளி, கொட்டாங்கச்சி ஆகியவற்றையும் முதலிலேயே அகற்றுவோம். அவற்றில் தேங்கும் சிறிதளவு நல்ல நீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. புகைப்பட ஆல்பத்தையும் அப்பாவின் கடிதங்களையும் தொடக்கத்திலேயே கையில் எடுக்க வேண்டாம். அவற்றைப் பிரித்தால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும்.

அடுத்து இயேசு செய்தது என்ன? மக்களை நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் பசும்புல்லின்மேல் அமரச் செய்தார். திரளாகத் தெரிந்த கூட்டம் வரிசை வரிசையாகப் பிரிந்தது. ஆட்கள் குறையவில்லை, மலைப்பு குறைந்தது. வீட்டிலும் இதைச் செய்யலாம். ஒரே வகையான பொருள்களை ஓரிடத்தில் சேர்ப்போம். வீடு முழுவதும் சிதறிக் கிடக்கும் கத்தரிக்கோல்களை ஒன்றாக வைத்தால் ஐந்து இருப்பது தெரியும். குடும்ப அட்டை, ஆதார், பத்திரம், வங்கிப் புத்தகம், திருமுழுக்கு மற்றும் திருமணச் சான்றிதழ்கள் அனைத்தும் ஒரே பையில், வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். திருமுழுக்குச் சான்றிதழ் தொலைந்தால், திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டிலிருந்து மீண்டும் பெறலாம். வீட்டுப் பத்திரம் தொலைந்தால் அலைச்சல் அதிகம். எதைப் பத்திரப்படுத்துவது என்று தெரிந்துகொண்டால், எதை விடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

கடைசியாக, எல்லாரும் வயிறார உண்டபின், எதுவும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார் ஆண்டவர். பன்னிரண்டு கூடை நிறைந்தது. அவ்வளவு பெரிய அருஞ்செயலைச் செய்தவர், மிச்சம் மீதியை அலட்சியமாக விடவில்லை. போகிக்கு முந்தின நாள் வேகம் வந்து எல்லாவற்றையும் அள்ளிக் கொளுத்துவது இந்த வழிக்குப் பொருந்தாது. பிளாஸ்டிக்கையும் டயரையும் எரித்தால் அந்த நச்சுப் புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகும். தாளும் இரும்பும் பழைய பொருள் எடுப்பவருக்குப் போகட்டும்; அது அவருக்கு ஒரு நாள் பிழைப்பு.

உடுப்பைப் பற்றி ஒரு சொல். 4-ஆம் நூற்றாண்டில் செசரியாவில் ஆயராக இருந்த புனித பெரிய பசிலியார், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வன் உவமையைப் பற்றி மறையுரை ஆற்றினார். நாம் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் ஆடை, ஆடையில்லாதவருக்கு உரியது என்பது அவருடைய போதனை. நம் பீரோவில் இரண்டு ஆண்டாகக் கட்டாத புடவைக்கும் இது பொருந்தும். ஆனால் கிழிந்ததையும் கறைபட்டதையும் மூட்டை கட்டி ஏழைக்கு அனுப்புவதால் குப்பை இடம் மாறுகிறதே தவிர, அது தருமம் ஆகாது. துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுப்போம். நம் சகோதரிக்குக் கொடுக்கக் கூசுகிற துணியை எவருக்கும் கொடுக்க வேண்டாம்.

அன்பார்ந்தவர்களே, வீட்டை ஒழுங்குபடுத்தும் வேகத்தில் வீட்டாரைக் காயப்படுத்திவிடக் கூடாது. பாட்டியின் பெயர் வெட்டிய பித்தளைக் குடம் நமக்கு இடத்தை அடைக்கும் பாத்திரம். அவருக்கோ அது அம்மா வீட்டுச் சீர். அவரைக் கேட்காமல் எடைக்குப் போடுவது திருட்டுக்குச் சமம். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குடத்தின் கதையைக் கேட்போம். கதை சொல்லி முடித்தபின், “பேத்தி கல்யாணத்துக்குக் குடுத்துடு” என்று அவரே சொல்லக்கூடும். சொல்லாவிட்டால் குடம் இருந்துவிட்டுப் போகட்டும். இறந்தவரின் உடைமைகளுக்கும் கெடு வைக்க வேண்டாம். ஒரு சட்டையை நினைவுக்காக வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுக்க மனம் கனிகிற நாள் வரும்.

இன்னும் சிலர் உண்டு. எதையும் விட முடியாமல், நடக்க வழியின்றி வீடு நிறைந்தபின்னும் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள். இது ஒரு மனநலக் குறைபாடாக இருக்கலாம். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இதைத் தனியாகவே குறித்திருக்கிறது. அவர்களை ஏசுவதாலும், ஊருக்குப் போயிருக்கும்போது வீட்டைக் காலி செய்வதாலும் நோய் தீராது. மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அரசின் இலவச மனநல உதவி எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம்.

பரணிலிருந்து உடைந்த சுரூபமும் அறுந்த செபமாலையும் கிடைத்தால் குப்பையில் போடத் தயங்குகிறோம். அந்தத் தயக்கம் நல்லதே. மந்திரிக்கப்பட்ட பொருள்களை மரியாதையோடு எரிப்பது அல்லது மண்ணில் புதைப்பது திருச்சபையின் வழக்கம். சிலுவைக்குப் பின்னால் செருகி வைத்த பழைய குருத்தோலைகளைத் தவக்காலத்துக்கு முன் கோவிலில் ஒப்படைத்தால், அவை சாம்பல் புதனன்று நம் நெற்றிக்குச் சாம்பலாகும்.

இத்தனையும் எதற்காக? பத்திரிகைப் படத்தில் வருவதுபோல் வீடு பளபளப்பதற்காக அல்ல. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பொம்மை சிதறித்தான் கிடக்கும். நோயாளி இருக்கும் வீட்டில் மருந்து வாடை இருக்கத்தான் செய்யும். வருகிறவர் உட்கார ஒரு நாற்காலி, இரவில் எழுந்து நடக்கும் முதியவர் தடுக்கி விழாத ஒரு வழி, குடும்பமாகச் செபிக்க ஒரு பாய் விரிக்கும் இடம் – இவை கிடைத்தால் போதும். பக்கத்து வீட்டில் நெருக்கடியில் திணறுகிறவர் இருந்தால், அவருக்கு அறிவுரையைவிட நம் இரண்டு கைகள் அதிகம் உதவும். ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து துணி மடித்துக் கொடுப்பதும் இரக்கச் செயலே.

இந்த உரை முடிந்ததும் ஒரே ஒரு நாற்காலியைக் காலி செய்வோம். நாளை மாலை அதில் ஒருவரை உட்காரவைத்துக் காபி கொடுப்போம்.

இரக்கமுள்ள ஆண்டவரே, திணறி நிற்கும் எங்கள் இல்லங்களுக்கு அமைதியும், களைத்த கைகளுக்கு வலுவும் தாரும். எங்கள் கதவுகள் மீண்டும் கூச்சமின்றித் திறக்கட்டும். ஆமென்.