காவலனைச் சோதிக்கும் கடமை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவிலே பேச வேண்டுமென்று செயலாளர் கேட்டபோது, "எதைப் பற்றிப் பேசுவது?" என்று வினவினோம். "எங்கள் பிள்ளைகள் பலர் கணினித்துறையில் படிக்கிறார்கள், அவர்களுக்குப் பயன்படுவதாக ஏதேனும் சொல்லுங்கள்" என்றார். ஆகவே தேசப் பாதுகாப்புக்கென ஆக்கப்படும் செயற்கை நுண்ணறிவைப் பற்றியும், அதனை எதிரி ஏமாற்றாதபடி காக்கும் ஆய்வுக் குழுவுக்குத் தலைவனாய் இருப்பவனின் கடமையைப் பற்றியும் சில சொல்ல எண்ணினோம். பெயர் பெரிதாயினும், பொருள் நம் தோட்டத்திலேயே நிற்கிறது.

தோட்டத்து வெருளியைப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு தடி, ஒரு பழஞ்சட்டை, தலைக்கு ஒரு கரிச்சட்டி. காகம் அதை மனிதன் என்றெண்ணி அஞ்சுகிறது. ஏன்? காகம் மனிதனை அறியவில்லை. மனிதனுக்குரிய சில அடையாளங்களை மாத்திரம் அறிந்திருக்கிறது. அந்த அடையாளங்களைத் தெரிந்தவன் காகத்தை ஏமாற்றிவிடுகிறான்.

செயற்கை நுண்ணறிவின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஆயிரமாயிரம் படங்களைக் காட்டி, "இது வாகனம், இது வீடு" என்று இயந்திரத்துக்குப் பழக்குகிறார்கள். அது அடையாளங்களைப் பற்றிக்கொள்கிறது, பொருளை உணர்வதில்லை. 2018ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். "நில்" என்னும் வீதிப் பலகையிலே கறுப்பும் வெள்ளையுமான சிறு துண்டுகளை ஒட்டினார்கள். நம் கண்ணுக்கு அது "நில்" என்றே தெரியும். இயந்திரமோ அதை "மணிக்கு 45 மைல் வேக எல்லை" என்று வாசித்தது. 2017இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தார் இன்னொன்றைக் காட்டினார்கள். பழக்கும் படங்களிலேயே கள்ளப் படங்களைக் கலந்துவிட்டால், இயந்திரம் எல்லா நாளும் நல்லபிள்ளையாய் இருந்து, குறித்த ஓர் அடையாளத்தைக் கண்டவுடன் மாத்திரம் பிழை செய்யும். விதைநெல்லிலே பதர் கலந்தவனை விளைச்சலின்போது பிடிக்க முடியுமா?

வீதிப் பலகையில் நேரும் பிழையால் ஒரு வண்டி மோதலாம். ஆயுதத்தோடு கூடிய இயந்திரம் பிழைவிட்டால் என்ன ஆகும்? இதை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. விமான இரைச்சல் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை இந்த மண்டபத்தில் இருக்கிறது. நாம் சிறுவராயிருந்தபோது, பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட குழிக்குள் ஒருநாள் அம்மம்மா நம்மை அணைத்தபடி, "மேல இருக்கிறவனுக்கு எங்கட வீடு என்னவாத் தெரியுதோ, பிள்ளை?" என்று கேட்டார். எவரையும் குற்றஞ்சாட்ட இதைச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று விடை தெரியவில்லை. இன்று மேலே இருப்பது மனிதக் கண்ணாக இல்லாமல் இயந்திரக் கண்ணாக இருக்கலாம். கேள்வி மட்டும் மாறவில்லை.

நம் அயல்நாடாகிய இந்தியா இத்துறையில் நெடுங்காலமாக உழைத்து வருகிறது. 1986இலேயே பெங்களூரில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின்கீழ் செயற்கை நுண்ணறிவுக்கும் இயந்திர மனிதவியலுக்குமான நிலையம் தொடங்கப்பட்டது. 1989 முதல் 2000 வரை அதன் இயக்குநராயிருந்தவர் கணித வல்லுநர் மத்துக்குமல்லி வித்தியாசாகர். அப்பதவியிலிருந்தபடியே 1997இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். இயந்திரம் கற்றதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைக் கணிதத்தால் ஆராய்வது அந்நூல். ஒரு பாதுகாப்பு நிலையத்தின் தலைவர், "என் இயந்திரம் வல்லது" என்று முழங்காமல், "எவ்வளவுக்கு நம்பலாம்?" என்று கேட்டார் என்பதைக் கவனியுங்கள்.

பின்னர் 2018இல், தேசப் பாதுகாப்பில் செயற்கை நுண்ணறிவை ஆராய ஒரு பணிக்குழுவை இந்திய அரசு அமைத்தது. அதன் தலைவர், அப்போது டாட்டா சன்ஸ் நிறுவனத் தலைவராயிருந்த ந. சந்திரசேகரன். நாமக்கல்லை அடுத்த மோகனூரில் பிறந்து, தமிழிலே பள்ளிப் படிப்பைப் பயின்றவர் அவர். அக்குழுவின் அறிக்கையையொட்டி 2019இல் இதற்கென ஒரு பேரவையும் ஒரு செயலகமும் அமைந்தன. 2024 ஒக்டோபரிலே படைகளுக்குரிய மதிப்பீட்டு நெறிமுறை வெளிவந்தது. நம்பகம், பாதுகாப்பு, வெளிப்படை, நியாயம், அந்தரங்கம் என்னும் ஐந்தையும் வைத்து இயந்திரத்தைச் சோதிக்க வேண்டுமென்பது அதன் சாரம். ஆக்குவதற்குப் பேரவை பிறந்து ஐந்து ஆண்டு கழித்தே சோதிப்பதற்கு நெறிமுறை வந்தது. உலகெங்கும் வழக்கம் இதுதான். ஆக்கம் முன்னே ஓடும், சோதனை பின்னே நடக்கும்.

ஆனால் சோதனை என்பது நமக்குப் புதிதன்று. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால்தான் தெளிய வேண்டும் என்பது ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் தந்த கருத்து.

வள்ளுவரை அறியாத ஒருவர் இதனைச் செய்து காட்டினார். 1983 செப்டெம்பர் 26ஆம் திகதி, சோவியத் நாட்டின் எச்சரிக்கை நிலையமொன்றில் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் என்னும் அதிகாரி கடமையில் இருந்தார். அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவிவிட்டதாகக் கணிப்பொறி அறிவித்தது. உண்மையாகத் தாக்குபவன் ஐந்தோடு நிறுத்துவானா என்று அவர் யோசித்தார். தரையிலிருந்த றேடாரும் எதையும் காட்டவில்லை. ஓர் ஒற்றன் சொன்னதை மற்ற ஒற்றன் சொல்லவில்லை! "இது பொய் எச்சரிக்கை" என்று மேலிடத்துக்கு அறிவித்தார். முகில்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியையே செய்மதி ஏவுகணை என்று கண்டது எனப் பின்னர் தெரிந்தது. அவருக்கு அப்போது பரிசு எதுவும் கிடைக்கவில்லை. 2017இல் அவர் காலமானார்; நாம் உயிரோடு இருக்கிறோம்.

வாலிபர்களே, உங்களில் சிலர் நாளை கொழும்பிலோ, பெங்களூரிலோ, இலண்டனிலோ இத்தகைய குழுவுக்குத் தலைமை தாங்கக்கூடும். அப்போது மூன்றை நினைவில் வையுங்கள்.

முதலாவது, விதையைப் பாருங்கள். இயந்திரத்துக்குக் காட்டிய படம் எங்கிருந்து வந்தது, யார் கை பட்டது என்று எழுதி வையுங்கள்.

இரண்டாவது, உங்கள் குழுவிலே ஒரு பகுதியினரை எதிரியாக இருத்துங்கள். உங்கள் இயந்திரத்தை ஏமாற்றுவதே அவர்கள் வேலை. ஆக்கியவர் கையின்கீழ் அவர்களை வைக்க வேண்டாம். அவர்கள் வெல்லும் நாளிலே கோபிக்காதீர்கள். எதிரி கண்டுபிடிக்கு முன் நம்மவர் கண்டுபிடித்தார்கள் என்று மகிழுங்கள்.

மூன்றாவதே கடினமானது. தேதி குறித்தாயிற்று, பணம் செலவாயிற்று, அமைச்சர் காத்திருக்கிறார் என்னும்போது, "இன்னும் ஆகவில்லை" என்று சொல்லும் துணிவு வேண்டும். உயிரெடுக்கும் முடிவு எதையும் இயந்திரத்திடம் மாத்திரம் விடலாகாது என்று சொல்லும் துணிவும் வேண்டும். அதனால் பதவி உயர்வு தவறலாம். தவறட்டும்.

வேலியே பயிரை மேயலாகாது என்று நம் முன்னோர் அஞ்சினார்கள். நாம் இன்று கட்டுவது, தானே பார்த்துத் தானே முடிவுசெய்யும் வேலி. அதனைக் கட்டும் கை உங்களுடையதாயின், எங்கோ ஒரு குழிக்குள் ஒரு முதியவள் கேட்கும் கேள்வி உங்கள் காதில் விழ வேண்டும். "இது வீடு, அம்மா, வீடாகவே தெரிகிறது. பலமுறை சோதித்துவிட்டோம்" என்று அவளுக்கு நெஞ்சறியச் சொல்ல முடிந்தால், நீங்கள் கற்ற கல்வி பயன்பட்டது.