மண்மேடும் ஏரியும்

முதலியார்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு



புதுச்சேரியில் நின்றுகொண்டு நெய்வேலியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். நிலவியலில் இரண்டு ஊருக்கும் உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தானாகப் பொங்கும் ஆழ்கிணறுகளைத் தோண்டியபோது, பாகூர்ப் பக்கம் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் அது தெரியவந்தது 1930களில்தான். பாகூர்க் கரி மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. நெய்வேலிக் கரியோ 1961 முதல் வெளிச்சம் பார்க்கிறது. நம் மேட்டுநிலச் செம்மண்ணும் நெய்வேலிச் செம்மண்ணும் கடலூர் மணற்கல் என்னும் ஒரே படிவத்தைச் சேர்ந்தவை. பெயரில்தான் கல். நல்ல மழை பிடித்தால் கரைந்து ஓடும்.

நெய்வேலியில் ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேலான மண்ணைப் புரட்டுகிறார்கள். சக்கர வாளி இயந்திரம் வெட்டுகிறது, கன்வேயர் பெல்ட் சுமக்கிறது, ஸ்பிரெடர் மேடாகக் கொட்டுகிறது. மணலும் களியும் சரளையும் அடுக்கு மாறிக் கலந்துவிடுகின்றன. வேர் போன துளை, மண்புழு போன துளை எல்லாம் அழிந்துபோவதால், பெய்த நீர் உள்ளே இறங்க வழியின்றிச் சரிவில் ஓடுகிறது. பிறகு மேட்டைச் சமன்படுத்தி மரம் நடுகிறார்கள். ‘மீட்கப்பட்ட நிலம்’ என்று பதிவேட்டில் ஏறிவிடுகிறது.

அந்தப் பதிவை மரத்தை எண்ணி எழுதக் கூடாது, ஓடையில் வரும் நீரைப் பார்த்து எழுத வேண்டும் என்பதுதான் என் கட்சி.

சாலையிலிருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்று இருக்கும் தோப்புக்குள் குனிந்து பாருங்கள். சில இடங்களில் அடியில் புல்லும் இருக்காது, சருகும் இருக்காது. இலையில் தங்கும் மழைநீர் திரண்டு பெருந்துளியாகிச் சொட்டுகிறது. ஏழெட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது அது வேகம் பிடித்து வெறுந்தரையைக் குத்துகிறது. மண்ணைக் காப்பது தரையை ஒட்டிய புல்லும் சருகும்தான். செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிவதை வைத்து மட்டும் மண் நின்றுவிட்டது என்று சான்று தருவது எனக்கு ஒப்பவில்லை.

அளக்கும் முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சரிவில் வரிசையாக இரும்புக் கம்பிகளை அடித்து, மழைக்கு முன்னும் பின்னும் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று ஸ்கேலால் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் கூடினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு ஹெக்டேரில் அது 10 கன மீட்டர் மண். ஏறத்தாழ 14 டன். ஒரு லாரிச் சுமை.

அலுவலகங்களில் பெரும்பாலும் சூத்திரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். விஷ்மையர், ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் 1965இல் வெளியிட்டு 1978இல் திருத்திய மண்ணிழப்புச் சமன்பாடு அது. மழையின் தாக்கம், மண்ணின் இளகுதன்மை, சரிவின் நீளம், சரிவின் செங்குத்து, நிலமூடாக்கு, தடுப்பு வேலை ஆகிய ஆறையும் பெருக்கினால் ஆண்டுச் சராசரி கிடைக்கும். அதன் அடிப்படை அளவுகோல் 22 மீட்டர் நீளமும் 9 சதவீதச் சரிவும் கொண்ட வயல் துண்டு. நம் நாட்டில் மண்மேட்டுக்குப் பொதுவாக விதிக்கும் உச்சவரம்பு 28 பாகை. சதவீதத்தில் சொன்னால் 53. வயலுக்குத் தைத்த சட்டையை மலைக்கு மாட்டுகிறோம். அமெரிக்கர்களே 1998இல் சுரங்க நிலத்துக்கென்று தனிக் கையேடு போட்டுக்கொண்டார்கள். பள்ளம் விழுந்து மண் போவதையும் இந்தச் சமன்பாடு கணக்கில் சேர்ப்பதில்லை. மண்மேட்டில் பெருநாசம் செய்வது அந்தப் பள்ளம்தான்.

இன்னொன்று, சராசரி. நம் கடற்கரையில் சராசரி மழை என்று ஒன்று பெய்கிறதா? 2024இல் ஃபெங்கல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது; ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு. 2015 நவம்பரில் நெய்வேலிக்கும் அப்படியொரு நாள் வந்தது. பல ஆண்டு அரிப்பு அத்தகைய ஒரே இரவில் நடந்து முடிகிறது. அந்த இரவில் ஓடையில் மாதிரி எடுக்க ஆள் இல்லை என்றால், மற்ற நாள் கணக்கால் பயன் இல்லை.

மேட்டில் கரைந்த மண் எல்லாம் ஊருக்கு வந்துவிடாது. கொஞ்சம் அடிவாரத்தில் தங்கும், கொஞ்சம் வண்டல் தேங்கு குட்டையில் படியும். மணல் சில நிமிடங்களில் படிந்துவிடும். மெல்லிய களிக்கு நாள்கணக்கு வேண்டும், குட்டை தூர்ந்திருந்தால் அதுவும் நடக்காது. எஞ்சியது செங்கால் ஓடை வழியாக வாலாஜா ஏரிக்கும், பரவனாறு வழியாகப் பெருமாள் ஏரிக்கும் போனது. வாலாஜா ஏரி ஏரியாகவே இல்லாமல் தூர்ந்து கிடந்து, 2010களில் நெய்வேலிச் சுரங்க நிறுவனமான என்.எல்.சி.யின் நிதியில் தூர் வாரப்பட்டது. மேட்டில் தொலைந்த மண்ணின் கணக்கு அந்த ஏரிப்படுகையில் இருந்தது. யாரும் அதைக் கணக்கென்று படிக்கவில்லை.

இந்தச் செம்மண் நிற்கவே நிற்காது என்றும் சொல்ல முடியாது. 1968இல் நம் பக்கத்தில் ஆரோவில் தொடங்கியபோது, அது அமைந்த செம்மண் மேடு பள்ளம் பள்ளமாக அறுபட்டுக் கிடந்தது. மழைக்காலத்தில் கடலோரம் சிவந்துபோகும். அங்கே வந்தவர்கள் வரப்புப் போட்டு, ஓடைகளில் தடுப்பு கட்டி, நீரை விழுந்த இடத்திலேயே நிறுத்தப் பார்த்தார்கள். மரம் அதனால் பிழைத்தது. ஆரோவில் மண் இயற்கையாகப் படிந்தது, சுரங்க மண்மேடு கொட்டிய மண் என்ற வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. நீரை முதலில் கவனித்தார்கள் என்பதையே சொல்கிறேன்.

நிலக்கரிச் சுரங்கங்களை முறையாக மூடுவதற்கு 2009 முதல் மத்திய அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. நிறுவனம் தனிக் கணக்கில் பணம் கட்டுகிறது. மீட்பு வேலை நடக்க நடக்க அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அந்தத் தொகையை விடுவிக்கும்போது நட்ட மரக்கன்றுகளின் எண்ணிக்கையோடு, ஓடை சுரங்க எல்லையைத் தாண்டும் இடத்தில் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு லிட்டர் நீரில் எத்தனை கிராம் மண் வந்தது என்ற பட்டியலையும் கேட்கலாம். அந்தப் பட்டியலின் நகல் ஒன்று குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஏரிப் பாசன விவசாயிகளுக்குப் போக வேண்டும்.