கையெழுத்துக்கு முன் ஒரு நிமிடம்

(ஏற்காட்டில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் வக்கீல் இல்லை. நம் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஜப்பானில் வேலை பார்ப்பவன். ஆனால் ஊருக்கு வரும்போதெல்லாம் என்னிடம் மெஷினைப் பற்றி யாரும் கேட்பதில்லை; ஜப்பான் சட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் நான்கு கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: "அண்ணே, மூணு வருஷத்துக்குள்ள வேலையை விட்டா அஞ்சு லட்சம் கட்டணும்னு பாண்டு கேக்கறாங்க. போடலாமா?"

இதற்கும் நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மலைக்கும் சம்பந்தம் உண்டு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பின்னாளில் தென்னிந்தியத் தோட்டங்களில் முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பது வழக்கமாயிற்று. முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டு ஓடி, மாஜிஸ்திரேட் உத்தரவிட்டும் திரும்பாவிட்டால், 1859-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜெயில்! 1925-ல்தான் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள்.

ஜப்பானிலும் இதே கதைதான். பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து ஏழைப் பெண்பிள்ளைகளை மில்லுக்கு அழைத்துப் போனார்கள். அது தொடரக் கூடாது என்றுதான் 1947-ல் வந்த தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, 'வேலையை விட்டால் இவ்வளவு அபராதம்' என்று முதலாளி முன்கூட்டியே எழுதி வாங்குவதைத் தடை செய்கிறது. ஆகவே ஜப்பான் கம்பெனியோடு செய்யும் வேலை ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் அது செல்லாது.

ஆனால் ஜாக்கிரதை! எழுதி வாங்குபவர் இங்குள்ள ஏஜென்ட்டோ கம்பெனியோ என்றால் விஷயம் வேறு. அங்கே நம் நாட்டுச் சட்டம் வந்துவிடும். 3 வருஷத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று, விஜயா வங்கி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது.

இரண்டாவது: "புடிக்கலைன்னா வேற கம்பெனிக்குப் போயிடலாமா?"

காலவரையறை இல்லாத வேலை என்றால் 2 வாரம் முன்பே சொல்லிவிட்டு விலகலாம்; சிவில் சட்டத்தின் 627-ஆம் பிரிவு அது. வரையறை உள்ள ஒப்பந்தம் என்றால் முதல் வருஷம் தக்க காரணம் வேண்டும். விலகிய 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். காரணமில்லாமல் 3 மாதம் சும்மா இருந்தால் விசாவுக்கே ஆபத்து. புது வேலை உங்கள் விசாவுக்குப் பொருந்துமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: "பென்ஷனுக்குப் பிடிச்ச பணம் போச்சா?"

போகாது. இந்திய கம்பெனி 5 வருஷத்துக்குள் திரும்பும்படி அனுப்பினால், 2016 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள உடன்படிக்கைப்படி இங்கே பி.எப். கட்டினால் போதும், அதற்கான சான்றிதழை மறக்காதீர்கள். அங்கேயே வேலைக்குச் சேர்ந்து 6 மாதமாவது கட்டியவர்கள், நாடு திரும்பிய 2 வருஷத்துக்குள் விண்ணப்பித்து ஒரு தொகையாக வாங்கலாம். வாங்கிவிட்டால் அந்த சர்வீஸ் கணக்கில் சேராது.

நான்காவது, சீனியர்கள் கேட்பது: "அங்க ஒரு கம்பெனி ஆரம்பிச்சா என்ன?"

பங்கு நிறுவனத்தை 1 யென் மூலதனத்திலேயே பதிவு செய்யலாம். ஆனால் அதை நடத்த அங்கே குடியிருக்கும் தொழில் விசாவுக்கு 50 லட்சம் யென்னாக இருந்த தொகையை, 2025 அக்டோபரில் 3 கோடி யென்னாக உயர்த்திவிட்டார்கள். கம்பெனி பதிவு வேறு, விசா வேறு.

தம்பி தங்கைகளே, சம்பளம், நேரம், வேலை எல்லாவற்றையும் எழுத்தில் கொடுப்பது ஜப்பானில் முதலாளியின் சட்டக் கடமை. வெட்கப்படாமல் கேளுங்கள். யாரோடு ஒப்பந்தம், எந்த நாட்டுச் சட்டம் என்று பாருங்கள். புரியாத காகிதமானால் கையெழுத்துப் போடும் முன் எங்களில் ஒருவரிடம் காட்டுங்கள். சங்கம் என்று ஒன்று இருப்பது அதற்கும்தானே!