நூலே குருவான சமயம்

சீக்கியர்கள் என்றதும் தலைப்பாகையும் தாடியும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். குருத்துவாராவுக்கு யார் போனாலும் சாப்பாடு உண்டு என்பதும் தெரியும். ஆனால், அங்கே விதானத்தின் கீழ் வீற்றிருப்பது சிலை அன்று, ஒரு நூல். அதிகாலையில் அதைத் திறந்து வைத்துச் சாமரம் வீசுகிறார்கள். இரவில் தலைமேல் சுமந்து சென்று துயில வைக்கிறார்கள்.

அந்த நூலை 1604-இல் தொகுத்தவர் ஐந்தாம் குருவான அர்ஜன் தேவ். அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் பாய் குர்தாஸ். குருமார்களின் பாடல்களோடு கபீர், நாமதேவர், ரவிதாஸ், முஸ்லிம் ஞானியான ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் அதில் இடம்பெற்றன. 1708-இல் நாந்தேடில் மறைவதற்கு முன், பத்தாம் குரு கோவிந்த் சிங், இனி மனித குரு இல்லை, கிரந்தமே குரு என்று அறிவித்தார். இன்றைய அச்சுப் பதிப்பில் அது 1430 பக்கங்கள்.

இப்படிப்பட்ட ஒரு நூலை அந்நியர் ஒருவர் மொழிபெயர்த்தால் என்ன ஆகும்?

1849-இல் பஞ்சாப் ஆங்கிலேயர் வசமானது. ஆளப்படும் மக்களின் வேதத்தை அறிய விரும்பிய அரசு, அந்தப் பணியை எர்ன்ஸ்ட் டிரம்ப் என்பவரிடம் கொடுத்தது. (அமெரிக்க டிரம்ப் அல்லர், ஜெர்மானிய மொழியறிஞர்!) மொழி இலக்கணத்தில் அவர் கெட்டிக்காரர்தான். பணிவுதான் இல்லை. கிரந்தத்தின் முன்னாலேயே சுருட்டுப் பிடித்தார் என்று சீக்கியர்கள் சொல்வதுண்டு. புகையிலையைத் தொடுவதே பெரும் குற்றமாகக் கருதப்படும் சமயம் அது! 1877-இல் வெளிவந்த அவருடைய மொழிபெயர்ப்பு முழுமையானதும் அன்று. போதாக்குறைக்கு, கிரந்தம் ஆழமில்லாதது, கோர்வையற்றது என்று முன்னுரையில் தீர்ப்பும் எழுதிவிட்டார். சீக்கியர்கள் கொதித்துப் போனார்கள். கோபத்துக்குக் காரணம் இருந்தது. உலகம் அவர்களுடைய வேதத்தைப் படிப்பதற்கு அப்போது கையில் இருந்தது அந்தப் புத்தகம்தான்.

அந்தக் காயத்துக்கு மருந்து போட வந்தவரும் ஓர் ஐரோப்பியரே. அயர்லாந்தில் பிறந்த மாக்ஸ் ஆர்தர் மெக்காலிஃப், பஞ்சாபில் நீதிபதி. ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை இது அன்று என்று உணர்ந்து, 1893-இல் அரசு உத்தியோகத்தையே விட்டார். ஞானிகள் எனப்படும் கிரந்த அறிஞர்களிடம் மாணவர்போல் அமர்ந்தார். பாய் கான் சிங் நாபா அவருக்குப் பெருந்துணையாக இருந்தார். எழுதியதை ஞானிகளிடம் காட்டித் திருத்திய பிறகே அச்சுக்குக் கொடுத்தார். பதினாறு ஆண்டு உழைப்பு! 1909-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆறு பாகங்களாக வந்தது 'சீக்கிய சமயம்'. டிரம்ப் இழைத்த அவமதிப்புக்கு ஓரளவாவது ஈடு செய்வது தம் நோக்கங்களில் ஒன்று என்று முன்னுரையில் வெளிப்படையாகவே எழுதினார். 1913-இல் லண்டனில் காலமானார்.

மெக்காலிஃபிடம் குறை இல்லாமல் இல்லை. குரு நானக்கைப் பற்றிய ஜனம்சாகி கதைகளை, பக்தர்கள் சொல்லி வந்தபடியே அவர் சொல்லிச் செல்கிறார். எது வரலாறு, எது நம்பிக்கை என்று அலசிப் பார்ப்பதில்லை. 1968-இல் மெக்லியோட் என்ற ஆய்வாளர் அப்படி அலசிப் பார்த்தபோது பெரிய சர்ச்சையே எழுந்தது. ஆயினும், ஒரு சமூகம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை முதலில் காது கொடுத்துக் கேட்டவர் என்ற பெருமை மெக்காலிஃபுக்கு உரியது. ஆய்வு அதற்குப் பிறகு வரட்டும்.

அவருக்குத் துணை நின்ற கான் சிங் நாபாவோ, 1930-இல் 'மகான் கோஷ்' என்ற கலைக்களஞ்சியத்தை வெளியிட்டார். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்கு அதில் விளக்கம் உண்டு. சுவையாக வரலாறு படிக்க விரும்புவோருக்குக் குஷ்வந்த் சிங் 1963-இலும் 1966-இலும் எழுதிய இரு பாகங்கள் ஏற்றவை.

மெக்காலிஃபின் பாகங்கள் இன்றும் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள் குரு நானக்கின் வாழ்க்கை உள்ள முதல் பாகத்தில் தொடங்கலாம். கபீரையும் நாமதேவரையும் ஏற்கெனவே அறிந்தவர்கள், அவர்கள் இடம்பெறும் ஆறாம் பாகத்தை முதலில் எடுத்தாலும் பாதகமில்லை.