மாத்திரை போடும் பிள்ளையை அறிவோம்

(கொல்லிமலை, வளப்பூர் நாட்டுப் பள்ளிகளுக்கான குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மனநோய் மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பற்றி ஆசிரியர் கூட்டத்தில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். மருந்தை எழுதித் தருபவர் மருத்துவர். ஆனால் அதைச் சாப்பிடும் மாணவரை மருத்துவர் மாதம் ஒருமுறை பார்க்கிறார். நாம் தினமும் பார்க்கிறோம். பிள்ளையிடம் தெரியும் மாற்றம் முதலில் நம் கண்ணில்தான் படும்.

காதில் இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், சிந்தனை சிதறுவது போன்ற கடும் மனநோய்க்கு 1952ஆம் ஆண்டு பிரான்சில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், குளோசபின் எனப் பல மருந்துகள் வந்தன. இவை பெரும்பாலும் மூளையில் உள்ள டோபமின் என்ற வேதிப்பொருளின் செயலைக் குறைக்கின்றன. அதே டோபமின்தான் நம் கைகால் அசைவையும் சீராக வைத்திருக்கிறது. நோயைக் கட்டுப்படுத்தும் மருந்து சிலருக்கு அசைவையும் பாதிப்பதற்கு இதுவே காரணம்.

வகுப்பறையில் இது எப்படித் தெரியும்? காலை முதல் பாடவேளையில் தூங்கி வழிவார். எழுதும்போது கை நடுங்கும். எழுத்து சிறிதாகி, வேகம் குறையும். முகத்தில் சிரிப்பும் கோபமும் தெரியாது. சிலரால் ஓரிடத்தில் உட்காரவே முடியாது. காலை ஆட்டுவார், எழுவார், நடப்பார். இதை நாம் சேட்டை என்று எண்ணிவிடுவோம். உள்ளே ஒரு தவிப்பு அவரை உட்காரவிடாமல் செய்கிறது. வாய் உலர்வதால் அடிக்கடி தண்ணீர் கேட்பார். ஒலான்சபின் போன்ற மருந்துகளால் பசி கூடி, சில மாதங்களில் எடை ஏறும். இரத்தச் சர்க்கரையும் கூடலாம். வளரும் பிள்ளைகளுக்கு எடை எளிதில் ஏறிவிடும். மாணவியருக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் உண்டு.

மருந்து தொடங்கிய முதல் சில நாட்களில், குறிப்பாக இளம் வயதினருக்கு, திடீரெனக் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளலாம், கண் மேலே செருகலாம், நாக்கு இழுத்துக்கொள்ளலாம். பார்ப்பவர்கள் பேய் பிடித்துவிட்டது என்பார்கள். மருத்துவமனையில் ஓர் ஊசியில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாரக்கணக்கில் வரவில்லை. வீட்டுக்குச் சென்று கேட்டபோது பாட்டி சொன்னார்: “அவ அம்மாவுக்கு மாத்திர போட்டா கை நடுங்குது, எந்நேரமும் படுத்தே கிடக்கிறா. காட்டு வேலைக்குப் போக முடியல. அதான் நிறுத்திட்டோம் சார்.” நிறுத்திய சில வாரங்களில் நோய் திரும்பியிருந்தது. தாயைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். கிராம சுகாதார செவிலியரிடம் பேசி, தாயை மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வைத்தோம். மருத்துவர் அளவை மாற்றி, இரவில் மட்டும் போடும்படி செய்தார். நடுக்கத்துக்கும் ஒரு மாத்திரை சேர்த்தார். இரண்டு மாதத்தில் அந்தத் தாய் சாமை அறுக்கப் போனார். மகள் பள்ளிக்கு வந்தாள்.

அந்தப் பாட்டி சொன்ன நடுக்கம் பொய்யல்ல. பக்கவிளைவு உண்மையான துன்பம். ஆனால் அதற்குத் தீர்வு மருந்தைத் தாமாக நிறுத்துவதல்ல. அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், வேறு மருந்து தரலாம். இவற்றை மருத்துவர்தான் செய்ய வேண்டும். அதற்கு, இப்படி ஒரு தொல்லை இருக்கிறது என்று யாராவது அவரிடம் சொல்ல வேண்டும்.

சொல்லவும் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீ விபத்தில் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். இன்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. தரப்படும் சிகிச்சையையும் அதன் பக்கவிளைவுகளையும் நோயாளி அறியும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியவை:

1. மாணவர் மருந்து எடுப்பது தெரிந்தால் அதை வகுப்பில் சொல்ல வேண்டாம். ஆசிரியர் அறையிலும் பேசுபொருளாக்க வேண்டாம்.

2. தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை செல்லவும் எழுந்து சற்று நடக்கவும் அனுமதியுங்கள். எழுத்துப் பணிக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

3. உடல் எடையைச் சொல்லிக் கேலி செய்வதை உடனே நிறுத்துங்கள். பல பிள்ளைகள் மாத்திரையை ஒளித்துவைக்க இந்தக் கேலி போதும்.

4. கண்ட மாற்றத்தைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் தனியாகக் கொடுங்கள். அதை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

5. கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, மனக்குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால் அது உயிருக்கு ஆபத்து. உடனே 108ஐ அழையுங்கள். குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை தேவை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்க வேண்டிய நமக்கு, நாளை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

6. ஐயம் இருந்தால் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் கட்டணமின்றி, எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். பெற்றோருக்கும் இந்த எண்ணைக் கொடுங்கள்.

மாத்திரையை மாற்றச் சொல்வதும் நிறுத்தச் சொல்வதும் நம் வேலையல்ல. தூங்கும் பிள்ளையைத் தட்டி எழுப்பும் முன், “ராத்திரி மாத்திரை ஏதாவது போட்டியா கண்ணு?” என்று தனியே அழைத்துக் கேட்பது நம் வேலை. நாளைக் காலை வருகைப் பதிவேட்டை எடுக்கும்போது, தொடர்ந்து வராத பெயர்களை ஒருமுறை நின்று பாருங்கள். அவற்றில் ஒன்றின் பின்னால் நிறுத்தப்பட்ட ஒரு மாத்திரை இருக்கலாம்.